பிட்டாங்கா குன்றுக்கு வர வேண்டிய ரோடு

எங்கள் குன்றின் மேல் பஸ் ஏறாது. அடிவாரத்தில் குமெர்சிந்துவின் மதுக்கடை வாசலில் நின்று, திரும்பி, நகரத்துக்குப் போய்விடும். அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் நான்தான். பெயர் எரால்டு. என் வீடும் அதே குன்றில், நடுப்பகுதியில் இருக்கிறது. ஆகவே ரோட்டைப் பற்றி நான் சொல்வதில் என் சுயநலமும் கொஞ்சம் கலந்திருக்கும்.

மழைக்காலத்தில் எங்கள் மண்பாதை சிவப்புச் சேறாகிவிடும். வேலைக்கு இறங்குகிறவர்கள் ஷூவின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பஸ் ஏறியதும் அவிழ்த்துச் சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவார்கள். நகரத்தில் ஒரு வீட்டிலோ கடையிலோ வேலை கேட்டுப் போனால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும். தெரிந்தால், “சொல்லி அனுப்பறோம்” என்பார்கள். அப்புறம் சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

குன்றின் மேல்பகுதியில் டால்வாவும் ஒடேட்டியும் பக்கத்துப் பக்கத்து வீடு. டால்வா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் மெஷின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியவள். அவள் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும். புருஷன் வடக்கே சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வரவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஒடேட்டி நகரத்தில் ஒரு பணக்காரர் வீட்டில் சமையல் வேலை. அவள் கணவன் ஆர்லிந்து கொத்தனார். “டவுன்ல பாதி மாடி நான் கட்டினது. ஒண்ணுலயாவது முன்வாசல் வழியா என்னை விடுவானா கேளு” என்று சொல்லிச் சிரிப்பான். அவர்களுடைய மகளுக்கு டால்வாதான் ஞானத்தாய். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே சுரைக்குடுக்கையில் மாட்டே என்ற இலைக் கஷாயத்தை மாற்றி மாற்றி உறிஞ்சியபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

அந்த வருஷம் புதிதாகப் பொறுப்புக்கு வந்த நகராட்சி ஒரு காரியம் செய்தது. ரோடு, சாக்கடை, பள்ளிக்கூடம் போன்ற வேலைகளுக்கான பணத்தில் ஒரு பங்கை எங்கே செலவழிப்பது என்று அந்தந்தப் பகுதி மக்களே கூடிக் கை தூக்கி முடிவு செய்யலாம் என்றது. மக்கள் பட்ஜெட் என்று அதற்குப் பெயர்.

குமெர்சிந்து தன் கல்லாவில் சாய்ந்துகொண்டு, “ஓட்டுக் கேட்டு அவனுங்க மேல ஏறி வரணும். அதுக்குப் பதிலா நம்மளக் கீழ வரச் சொல்றானுங்க. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

ஆனாலும் முதல் கூட்டத்துக்கு மாதாகோயில் கூடம் நிறைந்துவிட்டது. வருகிற கூட்டத்தைப் பொறுத்துத்தான் எத்தனை பிரதிநிதிகள் என்று சொல்லியிருந்ததால், ஆர்லிந்து வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான். எங்கள் குன்றுக்கு இரண்டு பிரதிநிதிகள் என்றார்கள். ஒருவர் குமெர்சிந்து. இன்னொருவர் யார் என்றபோது ஒடேட்டி எழுந்தாள்.

“டால்வாவப் போடுங்க. அவ பேசினா மைக்கே வேணாம்.”

கூடம் சிரித்தது. டால்வாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்குப் பேசல்லாம் வராது. கத்தத்தான் வரும்.”

“அதுதாண்டி வேணும். விளையாட்டுத் திடல் தர்றோம், பார்க் தர்றோம்னு ஆசை காட்டுவாங்க. மயங்கிடாத. ரோடு. ரோடு மட்டும்.”

“ரோடு மட்டும்” என்றாள் டால்வா. எல்லோரும் கை தட்டினார்கள்.

எங்கள் வட்டாரத்தில் இதுபோலப் பல குடியிருப்புகள். ஒரு பெரிய வேலைக்குத்தான் பணம் போதும். அதனால் கடைசி வாக்கெடுப்புக்கு முன்னால் எல்லாப் பிரதிநிதிகளும் ஒரே பஸ்ஸில் ஏறி ஒவ்வோர் இடத்தையும் நேரில் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் கம்பெனி பஸ்ஸைத்தான் வாடகைக்கு எடுத்தார்கள். டிரைவரோடு என்னையும் அனுப்பினார்கள். செப்டம்பர் மாதம், முந்தின நாள்வரை மழை.

முதலில் எங்கள் குன்று. ஏறாத பஸ்ஸை அன்றைக்கு ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டாவது வளைவிலேயே பின்சக்கரம் புதைந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நகராட்சியிலிருந்து வந்திருந்த வாக்னர் என்ற இளம் இன்ஜினியரின் சட்டையில் காலர்வரை சேறு. குமெர்சிந்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நல்லாப் பாத்துக்கங்க! தெனம் எங்க பொழப்பு இதுதான்!” என்று கூவிக்கொண்டே தள்ளினார். உண்மையில் அவர் தள்ளவில்லை, கையை மட்டும் வைத்திருந்தார். பஸ் சீக்கிரம் வெளியே வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம்.

மற்றக் குடியிருப்புக்காரர்களே, “ரோடு உங்களுக்குத்தாம்ப்பா, சந்தேகமே இல்ல” என்று சொல்லிவிட்டார்கள். டால்வா இரண்டு கையையும் பாவாடையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்து தக்குவாரா ஓடை. ஓடை என்பது பெயருக்குத்தான். நகரத்தின் கழிவு முழுக்க அதில்தான் இறங்குகிறது. இரண்டு கரையிலும் மரக்கம்பங்கள் நட்டு அதன்மேல் பலகை வீடுகள். ஜுசாரா என்ற ஒரு பெண் எங்களை எதிர்கொண்டாள். சின்ன வயதுதான். தெருவில் காகிதமும் அட்டையும் பொறுக்கி விற்கிறவள். அவள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. “பலகை தாங்காது, கொஞ்சம் கொஞ்சம் பேரா உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

நானும் டால்வாவும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம். சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. போன மழையில் தண்ணீர் நின்ற மட்டம். குழந்தையின் தொட்டிலைக் கயிறு கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தாள்.

“எதுக்கு அவ்வளவு உசரத்துல?” என்று டால்வா கேட்டாள்.

“எலிக்காகக்கா. தண்ணி ஏறினா எலியும் மேல ஏறும்.” ஜுசாரா அடுத்த வீட்டைக் காட்டினாள். “எங்க அக்கா வீடு. அவ பையன் எலிக்காய்ச்சல்ல போயிட்டான். பெரியாஸ்பத்திரியில வெச்சுப் பாத்தாங்க.”

“எப்ப?”

“போன மாசம்.”

திரும்பி வரும்போது டால்வா பஸ் படியில் நின்று என்னிடம் மெதுவாக, அவளுடைய மெதுவில், சொன்னாள்: “அந்தக் காய்ச்சல் வார்டுத் துணி தனியாச் சிவப்புப் பையில வரும், எரால்டு. நான்தான் துவைப்பேன். அந்தப் பையன் படுத்திருந்த துணியும் என் கையிலதான் வந்திருக்கும். ஒரு பை, ரெண்டு பைன்னு மெஷினுக்குள்ள தள்ளிட்டுச் சோறு திங்கப் போயிருப்பேன்.”

பின்சீட்டிலிருந்து குமெர்சிந்து, “ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? நம்ம வேலதான் முடிஞ்சு போச்சே” என்றார்.

“நமக்குக் கால்ல சேறு. இவங்களுக்குக் கட்டிலுக்கு அடியில பீத்தண்ணி.”

“பாவந்தான். யாரு இல்லேன்னா? அடுத்த வருஷம் அவங்களுக்குக் கை தூக்கிடுவோம்.”

“அந்தப் பையன் போனது ஆகஸ்டுல. அடுத்த ஆகஸ்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றாள் டால்வா. குமெர்சிந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் வாக்கெடுப்பு. பிரதிநிதிகளை இறக்கிவிட்டு நான் வாசலிலேயே நின்றிருந்தேன். எங்கள் ரோட்டின் முறை வந்தபோது குமெர்சிந்து பேசினார், நன்றாகவே பேசினார். பிறகு டால்வா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

“என்னை ரோடு கேக்கத்தான் அனுப்பினாங்க. ரோடு வேணும். வேணாம்னு நான் சொல்லல. ஆனா பாத்ததப் பாக்கலன்னு என்னால சொல்ல முடியாது. மொதல்ல ஓடை.”

கை தூக்கும் நேரம் வந்தபோது அவள் தன் ஓட்டு அட்டையை ஓடைக்காக உயர்த்தினாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் உயர்த்தினார்கள். ஓடை ஜெயித்தது. அவள் பேசியிருக்காவிட்டாலும் ஜெயித்திருக்கும் என்று சிலர் பிற்பாடு சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரங்கு வாசலில் நின்று பார்த்தவன் நான்.

நாங்கள் குன்றுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மதுக்கடை வாசலில் கூட்டம். ஒடேட்டி முன்னால் நின்றாள்.

“உன்னை அனுப்பினது யாருடி?”

“நீங்கதான்.”

“எதுக்கு அனுப்பினோம்?”

“ரோட்டுக்கு.”

“தெரியுதுல்ல? அப்பறம் எதுக்கு அந்தக் கை மேல போச்சு?”

“ஒடேட்டி, அந்த வீட்ட நீ வந்து பாத்திருந்தா...”

“நான் ஏன் பாக்கணும்? என் பாட்டைப் பாக்கறதுக்கே எனக்கு நேரமில்ல. உனக்கு எரக்கம் வந்துதுன்னா உன் சம்பளத்தக் கொண்டுபோய்க் கொடு. உன் சட்டையக் கழட்டிக் கொடு. எங்க ரோட்ட எடுத்துக் கொடுக்க நீ யாரு?”

டால்வாவின் உரத்த குரல் அன்று எங்கே போனதோ தெரியவில்லை. ஆர்லிந்து மட்டும், “சரி விடு, ஏற்கெனவே நடந்து பழகின காலுதான நமக்கு” என்று சொல்லி மனைவியை இழுத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து ஒடேட்டி அவளோடு பேசவில்லை. ஞாயிறு காலை நாற்காலிகள் வெளியே வந்தன. ஆனால் குடுக்கை டால்வாவின் வீட்டுப் பக்கம் நகரவில்லை. அவள் சுவரில் யாரோ கரியால் ‘தக்குவாராவுக்கே போ’ என்று எழுதி வைத்தார்கள். அவள் அதை அழிக்கவில்லை. மழை வந்து பாதியை அழித்தது. ஞானமகள் மட்டும் அம்மா வேலைக்குப் போனதும் வேலி வழியாக நுழைந்து டால்வா வீட்டுக்குப் போய்வருவாள். ஒடேட்டிக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கோடையில் தக்குவாராவில் சாக்கடைக் குழாய்கள் வந்து இறங்கின. டால்வா ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் என்னிடம், “தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க” என்றாள். “நல்லதுதானே” என்றேன். “ஆமா, நல்லதுதான்” என்றாள். வேறு யாரிடமும் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை.

ஜூலையில் ஒரு காலை; எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம். நல்ல மழை, குளிர். ஆர்லிந்து கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவன் தன் வீட்டு வாசலிலேயே சரிந்து விழுந்தான். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் குமெர்சிந்துவின் கடைவரை வந்து நின்றுவிட்டது. டிரைவர், “மேல ஏத்தினா நானும் உள்ள இருக்கறவரும் சேந்து பள்ளத்துலதான் கெடப்போம். எறக்கிட்டு வாங்க” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது.

குமெர்சிந்து தன் கடையின் பின்னறைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தார். அதில் ஆர்லிந்துவைப் படுக்கவைத்துப் போர்த்தி நான்கு பேர் தூக்கினோம். முன்னால் குமெர்சிந்துவும் ஆர்லிந்துவின் மைத்துனனும். பின்னால் நானும் டால்வாவும். அவளை யாரும் கூப்பிடவில்லை. வந்து மூலையைப் பிடித்தாள், யாரும் தடுக்கவுமில்லை. ஈரமான ஆஸ்பத்திரித் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய கைகள் அவளுக்கு. பக்கத்தில் ஒடேட்டி குடை பிடித்தபடி, கணவனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழைத்துக்கொண்டே இறங்கினாள். இரண்டாவது வளைவில் மைத்துனன் வழுக்கிவிட்டான். கதவு சாய்ந்தது. டால்வா முட்டிக்கால் போட்டு விழுந்தாள். கதவின் மூலையை மட்டும் விடவில்லை. முட்டியில் ரத்தம் சேறோடு சேர்ந்து வழிந்தது. மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தோம்.

ஆர்லிந்து பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை போய்விட்டது. காலும் இழுத்துக்கொண்டது. கொத்தனாருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா நல்லா இருந்திருக்கும்” என்று டாக்டர் சொன்னார்.

வராந்தாவில் ஒடேட்டி திரும்பி டால்வாவைப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை: “கேட்டியா? கொஞ்சம் முன்னாடி.”

“கேட்டேன்” என்றாள் டால்வா.

மறுநாளிலிருந்து, அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சாப்பாட்டு நேரம் விட்டதும் அவள் மேலே வார்டுக்கு வந்துவிடுவாள். ஆர்லிந்துவுக்கு முகம் மழித்துவிடுவாள், துணி மாற்றுவாள், கருப்பு பீன்ஸும் சோறும் பிசைந்து ஊட்டுவாள். ஒடேட்டிக்கு அவள் வேலை பார்த்த வீட்டில் லீவு கிடைக்கவில்லை. மாலையில்தான் வர முடிந்தது. டால்வா செய்வதை அவள் ஏற்றுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டால்வாவுக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

இதற்குப் பின் வருவதை ஒடேட்டியே பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வார்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தார்களாம். கீழே, ஏரிக்கரையிலிருந்து புது ஷாப்பிங் மாலுக்குப் போகும் மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. மழையிலும் நிற்காமல் கிரேன்கள், லாரிகள், வரிசையாக விளக்குகள். ஒடேட்டி ரொம்ப நேரம் அதையே பார்த்தாளாம்.

“அது எந்தக் கூட்டத்துல கை தூக்கினது?”

“எது?”

“அந்தப் பாலம். நீ போன கூட்டத்துல அதக் காட்டினாங்களா? பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி, இது வேணுமா, ஓடை வேணுமா, குன்று வேணுமான்னு கேட்டாங்களா?”

“இல்ல. அதப் பத்திப் பேச்சே வரல.”

“அப்ப நமக்கும் அந்த ஓடைக்காரங்களுக்கும் மட்டும் ஒரு துண்ட விட்டெறிஞ்சுட்டு, அடிச்சுக்கங்கடான்னு வேடிக்கை பாத்திருக்காங்க” என்றாளாம் ஒடேட்டி. “நான் உன் மேல கோவப்பட்டது தப்புன்னு சொல்லல. அது வேற. இது வேற.”

அந்த வருஷம் பிரதிநிதி தேர்தலில் ஒடேட்டியே நின்றாள். புருஷன் படுத்த படுக்கையாக இருக்கும்போது எதற்கு என்று கேட்டவர்களிடம், “அவரு படுத்திருக்கறதாலதான்” என்றாள்.

வட்டாரக் கூட்டத்துக்கு வாக்னர் வந்திருந்தான். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, மக்கள் பங்குக்கு இவ்வளவு என்று விளக்கினான். ஒடேட்டி எழுந்தாள்.

“தம்பி, அந்த மேம்பாலம் இந்தப் படத்துல எங்க இருக்கு?”

“அது இதுல வராதும்மா. வேற நிதி. வெளியில கடன் வாங்கிக் கட்டறது.”

“கடன யாரு அடைப்பா?”

“நகராட்சி.”

“நகராட்சிக்கு எங்கேந்து வருது?”

“வரியிலேந்துதான்.”

“நான் வாங்கற அரிசியில வரி இருக்கா?”

“இருக்கு.”

“பஸ் டிக்கெட்டுல?”

“அதுலயும்தான்.” வாக்னர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தான். “அம்மா, நீங்க எங்க வரப் போறீங்கன்னு தெரியுது. நீங்க சொல்றது சரிதான். பாக்கப்போனா மால் கட்டறவங்கள விட உங்களுக்குத்தான் வருமானத்துல வரி பாரம் ஜாஸ்தி. இத நான் ஆபீஸ்லயும் சொல்லியிருக்கேன். ஆனா அத முடிவு பண்றவங்க இந்தக் கூட்டத்துக்கு வர்றதில்ல. டிசம்பர்ல கவுன்சில்ல மொத்த பட்ஜெட்டும் ஓட்டுக்கு வரும். பாலத்தோட ரெண்டாம் கட்டம், அலங்கார விளக்கு, நீரூற்று எல்லாம் அதுலதான் இருக்கு. பார்வையாளர் மாடம் எல்லாருக்கும் தொறந்துதான் இருக்கும். யாரும் வர்றதில்ல, அவ்வளவுதான்.”

ஒடேட்டி உட்கார்ந்துவிட்டாள். அவன் அவ்வளவு நேராகச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அந்த வருஷமும் பஸ் சுற்றியது. எங்கள் குன்று மறுபடி பட்டியலில் இருந்தது. அதோடு போட்டியில், தகரக் கூரைக்கு அடியில் பிள்ளைகள் வெந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடம். ஒடேட்டி அந்த வகுப்பறைக்குள் போனாள், பிள்ளைகளிடம் பேசினாள், ஒரு பெண்ணின் தலையைத் தடவிக் கொடுத்தாள். வாக்கெடுப்பில் ரோட்டுக்குத்தான் கை தூக்கினாள். பள்ளிக்கூடம் முதலிடம் வந்தது, எங்கள் ரோடு இரண்டாமிடம். இரண்டாமிடத்துக்குப் பணம் மிஞ்சினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் நேராக டால்வா வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னால் இருந்தேன்.

“பாத்தேன். எல்லாத்தையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் ரோட்டுக்குத் தூக்கினேன். இப்ப சொல்லு, நான் கல்நெஞ்சக்காரியா?”

டால்வா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “உங்க வீட்டுல ஒருத்தரு கதவுல படுத்து எறங்கினாரு. வேற எதுக்குத் தூக்குவே?”

“அப்ப நீ தூக்கினது?”

“நான் தூக்கினது தூக்கினதுதான். ஆர்லிந்துவ நெனச்சா வயிறு எரியுது. அந்த ஓடையில இந்த வருஷம் ஒரு புள்ளையும் சாகலன்னு ஜுசாரா சொன்னப்ப வயிறு குளுந்துச்சு. ரெண்டும் ஒரே வயிறுதான். நான் என்ன பண்ணட்டும்?”

ஒடேட்டி வாசற்படியில் உட்கார்ந்தாள். பிறகு, “டிசம்பர்ல பட்ஜெட் ஓட்டுக்கு வர்றப்ப அந்தக் கவுன்சில் மாடத்துக்குப் போகணும். உன் ஓடைக்காரங்களையும் வரச் சொல்லு. அவங்களுக்கு வேல முடிஞ்சுதுன்னு வீட்டுல உக்காந்துக்கக் கூடாது” என்றாள்.

டால்வா போய்ச் சொன்னாள். ஜுசாரா ஆட்களைத் திரட்டினாள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன். அன்றையச் சம்பளத்தை விட முடியாதவர்கள் வரவில்லை. ஓடைக்காரர்களில் சிலர், “எங்களுக்குக் குழாய் வந்தாச்சு, இனி எங்களுக்கென்ன” என்று நழுவிக்கொண்டார்கள். அப்படியும் பார்வையாளர் மாடத்தில் உட்கார இடமில்லாமல் படிகளில் உட்கார்ந்தோம். நான் அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தின் டீச்சர்கள்கூட வந்திருந்தார்கள். கூச்சல் போடக்கூடாது, கை தட்டக்கூடாது என்று காவலாளி முதலிலேயே சொல்லிவிட்டான். சரி என்று சும்மா உட்கார்ந்திருந்தோம். பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். கீழே கவுன்சிலர்கள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் இல்லாத மாடத்துக்குக் கீழே பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

மேம்பாலம் நிற்கவில்லை. அதற்குக் கடன் ஒப்பந்தம் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஆனால் நீரூற்றும் அலங்கார விளக்குகளும் வாக்கெடுப்பில் தோற்றன. வழக்கமாக அவற்றுக்குக் கை தூக்குகிற இரண்டு மூன்று பேர் அன்று மேலே பார்த்துவிட்டுக் கையைக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பணம் வட்டாரங்களின் இரண்டாமிட வேலைகளுக்குப் பிரிந்தது. எங்கள் பங்குக்கு வந்தது பாதி ரோட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

“பாதி” என்றார் குமெர்சிந்து, வெளியே வந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு. “பகல் முழுக்கப் பட்டினி கெடந்து பாதி.”

“நேத்து வரைக்கும் நமக்கு எவ்வளவு இருந்துச்சு?” என்று ஜுசாரா கேட்டாள். குமெர்சிந்து அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். பிறகு தன் சிகரெட் பாக்கெட்டை அவளிடம் நீட்டினார். அவள் தனக்குப் பழக்கமில்லை என்றாள்.

அடுத்த ஆண்டு மழை தொடங்குமுன் ரோடு போட்டார்கள். அடிவாரத்திலிருந்து என் வீட்டைத் தாண்டி, பழைய தண்ணீர்த் தொட்டிவரை. அதற்கு மேல் மண்தான். டால்வா, ஒடேட்டி இருவர் வீடும் அந்த மண்பாதையில்தான். நான் வீட்டு வாசலிலிருந்தே ரோட்டில் இறங்கி வேலைக்குப் போகிறவனானேன். அவர்கள் இன்னும் தொட்டிவரை நடந்து இறங்க வேண்டும். அதை அவர்கள் எனக்குச் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது.

பஸ் மேலே ஏறிய முதல் நாள் காலை, தொட்டிக்குப் பக்கத்தில் குன்றே கூடியிருந்தது. ஆர்லிந்து கைத்தடியை ஊன்றி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கால் இழுத்தாலும் பேச்சு முக்கால்வாசி திரும்பியிருந்தது. அவனை நாற்காலியில் உட்கார்ந்தபடி கவனிக்கச் சொல்லி, ஒரு சின்னக் கட்டட வேலையின் மேற்பார்வையைக் குமெர்சிந்துவின் தம்பி கொடுத்திருந்தார். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

டிரைவர் தொட்டிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார். ஒடேட்டி ஜன்னலைத் தட்டினாள்.

“இங்க ஏன் நிறுத்தறீங்க? ரோடு தொட்டி வரைக்கும் போகுதுல்ல, கடைசி வரைக்கும் ஏத்துங்க.”

“திருப்ப எடம் வேணும்மா.”

“அங்கயும் எடம் இருக்கு. நான் நேத்தே நடந்து பாத்துட்டேன். இவரு அந்த ஏத்தத்துல ஏறி எறங்கணுமா?”

“ஸ்டாப்புன்னு கம்பெனி இங்கதான் குறிச்சிருக்கு.”

“கம்பெனிக்கு நான் சொல்லிக்கறேன். நீங்க ஏத்துங்க அண்ணே.”

“ஏத்துங்களேன், அவ விடமாட்டா!” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து டால்வா கத்தினாள். அந்தக் குரலுக்கு டிரைவர் தன்னையறியாமல் கியரை மாற்றிவிட்டார். பஸ் மெல்ல ஏறி, ரோடு முடிகிற இடத்தில் போய் நின்றது. நான் கதவைத் திறந்தேன். ஆர்லிந்து முதலில் ஏறினான்; ஒடேட்டி அவனைப் பின்னாலிருந்து தாங்கினாள். டால்வா கைத்தடியை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு ஏறினாள். மூன்று பேருக்கும் டிக்கெட் கிழித்தேன். கம்பெனி குறித்துக் கொடுத்திருந்த நேரத்துக்கு நாங்கள் ஏற்கெனவே தாமதம்.